மூன்றாம் கியரில் எஸ் வளைவு

மீட்டர் மூன்று முறை நிரம்பி
மறுபடி சுழியிலிருந்து எண்ணத் தொடங்கிய வண்டி.
தொண்ணூற்றாறு மாடல். மூன்றே சிலிண்டர்.
பின்சீட்டைக் கழற்றிப் பதினொரு வருஷம்.
அந்த இடத்தில்
சங்கரன்கோவில் பிச்சிப்பூ எட்டுக் கூடை,
விடியுமுன் புனலூர் சேர வேண்டும்.

புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறுகையில்
முதலில் இருமும். பிறகு கெஞ்சும்.
மூன்றாம் கியர் என்றால் உடம்பையே ஆட்டி
மாட்டேன் என்னும்.
வைக்கோல் லாரிகள் முந்திப் போய்
முகத்தில் புகைவிட்டன.
போன மாசம் கோட்டைவாசலுக்குச் சற்று முன்னால்
நின்றேவிட்டது.
பூ வாடுவதை
இருட்டில் முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இஞ்சினை மாத்தணுமா, வண்டியையே மாத்தணுமா?"
செங்கோட்டை மைதீன் பிச்சை
"பானெட்டைத் தொறயும் மொதல்ல" என்றார்.

மூன்று பிளக்கையும் கழற்றிப்
பழைய தினத்தாள் மேல் வைத்தார்.
ஒன்று கரி.
ஒன்று சந்தன நிறம்:
"இவன் ஒருத்தன்தான் வேலை பாத்திருக்கான்."
மூன்றாவது, எண்ணெயில் நனைந்து,
ஜலதோஷக்காரன் மூக்கு.

கம்ப்ரஷன் அளந்தார்.
நூற்றைம்பது. நூற்று நாற்பது. நூற்றுப் பத்து.
அந்த நூற்றுப் பத்தில் ஒரு கரண்டி ஆயில் விட்டு
மறுபடி பார்த்தார். முள் ஏறியது.
"ரிங் தேஞ்சிருக்கு வே. தேஞ்சது தேஞ்சதுதான்.
அதை விட்டுட்டு மத்ததைப் பாப்போம்."
என் முழங்காலுக்கு
ஒரு டாக்டரும் இப்படிச் சொன்னதில்லை.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்
காய்ந்து பழுத்த பிச்சி மொட்டுகள், ஒரு கை நிறைய.
எலி கொண்டுவந்து அடுக்கியிருக்கும் என்றார்.
இத்தனை நாளும்
பூவின் வழியாகத்தான் மூச்சுவிட்டிருக்கிறது.

கார்புரேட்டர் பெட்ரோலில் ஊறியது.
ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்து
ஊசிமுனை வெளிச்சம் தெரியும்வரை ஊதினார்.
வெடித்திருந்த வேக்குவம் குழாய்
விரல் நீளம்தான், பதினெட்டு ரூபாய்.
அதற்காகவா அந்தக் கெஞ்சல்?

ராத்திரி முழுக்க ஆறவிட்டார்.
"சூட்டுல அளந்தா டாப்பெட் பொய் சொல்லும்."
காலையில் தகட்டை நுழைத்து நுழைத்து இழுத்து
ஒன்றை மட்டும் ஒரு பொட்டுத் தளர்வாக விட்டார்.
"இறுக்குனா வால்வு எரிஞ்சிரும்.
கொஞ்சம் சத்தம் இருந்துட்டுப் போட்டும்."
டிஸ்ட்ரிபியூட்டரை மயிரளவு திருப்பிக் காது கொடுத்தார்.
அப்புறம்தான் டைமிங் லைட்டை எடுத்தார்,
காது சொன்னதற்கு ஒரு சாட்சியாக.

மறுநாள் அதிகாலை மூன்றரை.
எஸ் வளைவு. மூன்றாம் கியர்.
போட்டதும் நான்தான் பயந்தேன்,
அது பயப்படவில்லை.
பின்னால் கூடைகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது.
இடப்பக்கம் எங்கோ தண்ணீர் விழுவது கேட்டது.
அங்கே தண்ணீர் உண்டா?

ஆரியங்காவு செக்போஸ்ட்.
என் இருமலை இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டு
பாதித் தூக்கத்தில் கட்டையைத் தூக்குகிறவர் பிரசேனன்.
இன்று கட்டை கிடந்தபடியே கிடந்தது.
டார்ச்சோடு வந்தார். பேப்பர் கேட்டார்,
பதினொரு வருஷத்தில் முதல் தடவை.
ஆர்சி. இன்ஷூரன்ஸ். நேற்று வாங்கிய புகைச் சான்று.
வாழையிலையைத் தூக்கிப் பூவைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"இது ஆ வண்டி தன்னேயோ?"
"அதே வண்டிதான் சாரே."
"ஒந்நு சவிட்டிக்கே."
மிதித்தேன்.
பானெட் மேல் கைவைத்துக் குனிந்தார்.
வெகுநேரம் குனிந்திருந்தார்.
உள்ளே டிக் டிக்கென்று
அந்த ஒரு பொட்டுத் தளர்வு.
"ஆ... உண்டு, உண்டு" என்றார்.

கட்டை ஏறியது.
"நாளெ முதல் ஹாரன் அடிக்கணம், கேட்டோ."

புனலூரில் நாலே முக்கால்.
பூக்கடை திறக்கவில்லை.
ஷட்டருக்கு முன்னால் இஞ்சினை அணைக்காமல்
உட்கார்ந்திருந்தேன்.
பெட்ரோல் வீண்தான்.